பால்வண்ணம் அடுப்பை அணைத்த கதை

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டைரி மைதா கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கடைக்குக் கொடுப்பது. இதுவரை அதன் தாள் பரோட்டா பார்சலுக்குத்தான் உதவியிருக்கிறது. இந்த வருடம் பால்வண்ணமாகிய நான் எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். நான் செய்யப் போகிற காரியம் விருதுநகரில் எவனும் செய்யாதது. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டரே ஒரு முறை கண் கலங்கியிருக்கிறார். எதற்காகக் கலங்கினார் என்பது வேறு விஷயம்.

என் தங்கை தனபுஷ்பத்துக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களோ பெற்ற பிள்ளையோ தன் கல்லீரலில் பாதியை வெட்டிக் கொடுத்தால்தான் பிழைப்பாள். அவள் புருஷன் உயிரோடு இல்லை. மகளுக்கு ரத்த குரூப் சேரவில்லை. மிச்சம் இருப்பது நான். வெட்டினாலும் திரும்ப வளர்ந்துவிடுமாம். வாழை மாதிரி. அப்படியானால் முழுசையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு உட்கார்ந்து ஸ்கேனைக் காட்டினார். என் கல்லீரலில் கொழுப்பு அதிகமாம். முப்பது வருடம் எண்ணெய் பரோட்டாக் கடை நடத்துகிறவனுக்குக் கல்லீரலில் வேறு என்ன இருக்கும், துளசித் தீர்த்தமா? இரண்டு மாதத்தில் குறைத்துக்கொண்டு வந்தால் எடுத்துக்கொள்வோம் என்றார். அதற்கு மேல் தங்கச்சி தாங்க மாட்டாள் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஸ்கேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 6, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டு அட்டவணை சாதாரண ஆட்களுக்கானது. வேக வைத்த காய், எண்ணெய் தொடாத சப்பாத்தி. நான் அதற்கு மேலே போய்விட்டேன். தெப்பக்குளத்துப் பக்கம் நடந்த இயற்கை உணவு முகாமில் ஒருத்தர் பேசியதைக் கேட்டேன். அடுப்பே வேண்டாம், எல்லாம் பச்சையாக. கொழுப்பு ஓடிப் போகும் என்றார். அந்த நிமிடமே முடிவு.

இன்று காலை ஊறிய அவலும் தேங்காய்ப் பூவும். மதியம் முளைகட்டிய பாசிப்பயறு, வெள்ளரி, கேரட். இரவும் அதே. ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு மாரிக்கனி போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். மாரிக்கனி என் வீட்டுக்காரி. பச்சைக்கு மாறுவதானால் ஒரு வேளையில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் போகச் சொன்னாளாம் அந்தப் பெண், நன்றாக மென்று தின்னச் சொன்னாளாம். நான் ஒரே நாளில் மூன்று வேளையும் மாறிவிட்டேன். மாரிக்கனி ராத்திரிக்கு மட்டும் எனக்குத் துணையாகப் பச்சை சாப்பிடுகிறாள். அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. எதிரில் உட்கார்ந்து சோறு தின்னக் கூச்சமாக இருக்கிறதாம்.

ஜனவரி 9, வெள்ளி

வயிறு கொஞ்சம் பேசுகிறது.

உண்மையில் கொஞ்சம் இல்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே பேசியது. பரோட்டா மாஸ்டர், கடற்கரை என்று பெயர், கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். “அண்ணாச்சி, ஒண்ணு நீங்க கொத்துங்க, இல்ல நான் கொத்துறேன்” என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வயிறு பானை மாதிரி நிற்கிறது. தட்டினால் சத்தம் வருகிறது.

மெடிக்கல் அருணகிரியிடம் போனேன். பச்சைச் சாப்பாட்டுக்குப் பழகும்போது ஆரம்பத்தில் சிலருக்கு இப்படித்தான் என்று சொல்லி, செரிமானத்துக்கான என்சைம் கேப்சூல் கொடுத்தான். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, தண்ணீரோடு. ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றான். கேட்பதற்கு என்ன இருக்கிறது? கேட்டால் இந்த ஆளுக்குப் பச்சைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி வைத்துவிடுவார்கள். இரும்பைத் தின்றாலும் கரைக்கிற வயிறு இது என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கேப்சூலை முழுங்க எனக்கு ஆகாது. தொண்டையில் நின்று மேலேயும் கீழேயும் பார்க்கும். அதனால் உடைத்துப் பொடியை அவலில் கொட்டிக் கலந்து மூடி வைத்தேன். கடைக்கு மைதா வந்து இறங்கியது, போய்விட்டு வந்தேன். திறந்தால் அவலைக் காணோம். பால் மாதிரித் தண்ணீர்தான் கிடந்தது. நக்கிப் பார்த்தேன், இனிப்பு. சர்க்கரை ஒரு துளி போடவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், கடற்கரையிடம் எல்லாம் சொன்னேன். சுத்தமான உணவு சுத்தமான ஆள் கை பட்டால் இனிக்கும் என்று சொன்னேன். இரண்டு பேர் வந்து ருசி பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் அருணகிரி வந்து கிண்ணத்தையும் பார்த்தான், உடைந்த கேப்சூலையும் பார்த்தான். வயிற்றுக்குள் போய்ச் செய்ய வேண்டிய வேலையை மாத்திரை கிண்ணத்திலேயே செய்து முடித்துவிட்டது என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

எதிர் வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை. நம்பிக்கையாக இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 15, பொங்கல்

ஊரே பொங்கலோ பொங்கல் என்றது. நான் கேரட் தின்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

எங்கள் வீட்டு அடுப்பு இப்போது விடியற்காலையில் ஒரே ஒரு முறைதான் எரிகிறது. மாரிக்கனி தனக்குக் கொஞ்சம் சோறு வடித்துவிட்டு நாலு இட்லி ஊற்றுவாள். இட்லி எங்களுக்கு இல்லை. அடுத்த தெருவில் புஷ்பத்துக்கு. வேறு எதைச் சாப்பிட்டாலும் அவளுக்குக் குமட்டுகிறது.

கொண்டு போகிறவன் நான். “கடையில வாங்குனதாச் சொல்லுங்க” என்று மாரிக்கனி சொல்லித்தான் தூக்குவாளியைக் கையில் தருவாள். இவள் புஷ்பத்தோடு பேசுவதில்லை. புஷ்பமும் இவளோடு பேசுவதில்லை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. புஷ்பத்தின் மகளுக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் சீர் நாங்கள்தான் கொண்டு போனோம். தாம்பாளத்தை மாரிக்கனிதான் தலையில் வைத்து மேளத்தோடு கொண்டு போனாள். சபையில் புஷ்பம் பட்டுச் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, மதினி கட்டிக் கழித்தது மாதிரி இருக்கிறதே என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். மாரிக்கனி தாம்பாளத்தை வைத்தாள், திரும்பினாள், வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் டெலிபோன்.

இன்று புஷ்பம் ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைத்து வெகு நேரம் வைத்திருந்தாள். கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு. “கடை இட்லி இப்படி இருக்காதேண்ணே” என்றாள். நான் புதிதாக ஒரு கடை வந்திருப்பதாகவும், அங்கே மந்திரிகள் எல்லாம் வந்து சாப்பிடுவதாகவும் சொன்னேன். அவள் மிச்சத்தையும் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மாரிக்கனி கேட்டது ஒன்றே ஒன்றுதான். எத்தனை சாப்பிட்டாங்க?

ஜனவரி 27, செவ்வாய்

இடுப்பு வேட்டி இறங்குகிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது. எனக்கு வயது குறைந்துவிட்டதாகப் பேருந்து நிலையத்தில் பேச்சு.

வயிறுதான் இன்னும் அடங்கவில்லை. கேப்சூல் ஓரளவுக்குத்தான் கேட்கிறது. அது கொடுக்கிற தைரியத்தில் நான் முளைப்பயறை அள்ளி அள்ளிப் போடுகிறேன் என்று மாரிக்கனி சொல்கிறாள். நான் உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன், அவள் அப்போதுதான் இரண்டாவது வாய் மெல்லுகிறாள். அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷி தின்று நான் பார்த்ததில்லை. இப்போது இரண்டு வேளை பச்சைக்கு வந்துவிட்டாள். வாய்வு இல்லை, உப்புசம் இல்லை, மாத்திரை ஒன்று தொட்டதில்லை. இதைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. எப்படித்தான் அடக்கி வைத்திருக்கிறாளோ. நான் ஒரு வெள்ளரிக்காய் தின்றாலே நாலு பேருக்குத் தெரிந்தாக வேண்டும்.

முகாம் ஆளைத் திரும்பப் பார்த்தேன். அவர் ஒரு செரிமானச் சூரணம் தந்தார். டப்பாவில் பெயர் இல்லை, ஊர் இல்லை. மூலிகை என்றால் மூலிகை, கேட்டு என்ன ஆகப் போகிறது. ஒரு கரண்டி போட்டேன், வயிறு சொன்ன பேச்சுக் கேட்டது. இனி இரண்டு கரண்டி. மாரிக்கனி முகர்ந்து பார்த்துவிட்டு, “பேரில்லாதத எதுக்கு உள்ள விடுறீங்க?” என்றாள். கேப்சூலிலும் பெயர் இங்கிலீஷில்தான் இருக்கிறது, அதை மட்டும் நான் படித்தேனா என்று கேட்டேன். டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாரிக்கனி மதுரைக்கு அவள் அக்காள் வீட்டுக்குப் போனாள். ஒரு வேலையும் இல்லாமல் போகிறவள் இல்லை. சாயங்காலம் வந்தவள் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கேட்டேன். அக்காள் தெருவில் இலவசமாகச் சர்க்கரை பார்த்தார்களாம். இவளுக்கு ஏது சர்க்கரை, அநாவசியமாக ஒரு சிரிஞ்சை வீணாக்கியிருக்கிறார்கள். சரியான முகாமாக இருந்தால் என்னையல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்.

இன்றிலிருந்து மூன்று வேளையும் பச்சை என்கிறாள். எனக்காகவா என்று கேட்டேன். “உடம்பு லேசா இருக்கு” என்றாள். என்னைப் பார்த்துத்தான் இவளுக்கு இந்த வைராக்கியம் வந்திருக்கிறது. ஒரு வீட்டில் ஒருத்தன் நிமிர்ந்து நின்றால் போதும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். செருப்புத் தைக்கிறவர் அசந்துவிட்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மதுரை. பரிசோதனை நாள். நானும் மாரிக்கனியும் போனோம்.

ஸ்கேனைப் பார்த்து டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறதாம். நான் பச்சைச் சாப்பாட்டின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்து, அவல் தானாக இனித்த இடம் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குள் ரத்த ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா முகம் மாறியது. கல்லீரல் சம்பந்தப்பட்ட அளவெல்லாம் ஏறிக் கிடக்கிறதாம். போன முறை இல்லை, இப்போது வந்திருக்கிறது. குடிப்பீர்களா என்று கேட்டார். தொட்டதில்லை. நிஜம்தான். மாத்திரை, நாட்டு மருந்து, பொடி, லேகியம், ஏதாவது?

இல்லை என்றேன். என்னுடைய வயிற்றுக்கு ஒரு துணையும் தேவையில்லை என்று சொன்னேன். இதற்கு முன்னால் நாலு முறை அவரிடம் அப்படிச் சொல்லியிருந்ததால் ஐந்தாவது முறையும் அதுவே வந்தது.

மாரிக்கனி தன் பைக்குள் கை விட்டாள். முதலில் கேப்சூல் அட்டை, பிறகு சூரண டப்பா. இரண்டையும் மேஜைமேல் வைத்தாள். கோபமும் இல்லை, சத்தமும் இல்லை. சந்தையில் காயை எடுத்து வைப்பது மாதிரி வைத்தாள். “இது ஆரம்பத்துல இருந்து, நாளைக்கு மூணு. இது போன மாசக் கடைசியில இருந்து, முதல்ல ஒரு கரண்டி, இப்ப மூணு கரண்டி” என்றாள். மூன்றாவது கரண்டி எனக்கே சரியாக நினைவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

டாக்டரம்மா கேப்சூலின் பெயரைப் படித்து எழுதிக்கொண்டார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்க அதில் ஒன்றும் இல்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததைத் தின்றால் கல்லீரல்தான் முதலில் அடிபடும், கல்லீரல் கொடுக்க வருகிற ஆள் செரிமான மாத்திரை என்றாலும் எங்களிடம் சொல்லாமல் தொடக் கூடாது என்றார். இரண்டையும் நிறுத்தச் சொன்னார். அளவுகள் இறங்கச் சில வாரம் ஆகும், இறங்கும்வரை என்னைத் தொட மாட்டார்கள்.

புஷ்பத்துக்கு அத்தனை வாரம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம். திருமங்கலம் தாண்டும்வரை பேசவில்லை. இது எனக்கு ஒரு சாதனை.

பிப்ரவரி 18, புதன்

கடைக்குப் போகவில்லை. புஷ்பம் வீட்டுக்கு இட்லி கொண்டு போனேன். டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்டாள். டாக்டர்கள் என் கல்லீரலைப் பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டார்கள் என்று சொன்னேன்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று மத்தியானம் மாரிக்கனி ஊறவைத்த வேர்க்கடலையை என் முன்னால் வைத்தாள். சாப்பிடச் சொன்னாள், மென்று. எனக்கு இறங்கவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் அவங்க ரத்த குரூப்தான், ஓ. போன மூணாந்தேதி குடுத்துட்டு வந்தேன். நேத்து போன் வந்துச்சு. மிச்ச டெஸ்டுக்கு வரச் சொல்றாங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. எதைக் கொடுத்தாய் என்று கேட்டேன். ரத்தம் என்றாள். அக்காள் தெருவில் முகாம் எல்லாம் நடக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், நாத்தனாருக்கு மதினி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். உறவுமுறையில் நெருங்கினவர்கள் பட்டியலில் மதினி இல்லையாம், அதற்கு ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்குமாம், சம்மதித்தால் கொடுக்கலாமாம். சூரணம் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது அப்போது. நான் தேற மாட்டேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்ககிட்ட சொன்னா எதிர் வீட்டுக்குச் சொன்ன மாதிரி. டெஸ்ட்ல நான் ஆகாமப் போயிட்டா அவங்களுக்கு ரெண்டு ஏமாத்தம்.”

நியாயம்தான். சண்டை போட வேண்டும் என்று நினைத்தேன். உன்னை வெட்ட நான் விட மாட்டேன் என்று ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம். ஆனால் அடுத்த தெருவில் ஒருத்தி கண் மஞ்சளாகப் படுத்திருக்கிறாள். எந்தப் பக்கம் நின்று அதைச் சொல்வது?

வேர்க்கடலையை மென்று தின்றேன். மென்றால் இறங்குகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

குழு. நீளமான மேஜை, ஐந்தாறு பேர். புருஷன் சம்மதம் வேண்டும் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். நான் ஒரு பிரசங்கம் தயார் செய்து போயிருந்தேன். எங்கள் பரம்பரையில் தானம் எப்படி ரத்தத்தில் ஊறியது என்று தொடங்கும். தலைவர் மூன்றாவது வரியிலேயே கை காட்டி உட்கார வைத்துவிட்டார்.

மாரிக்கனியைக் கேட்டார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. வீட்டுக்காரர்? “அவருக்கே பத்தொன்பதாம் தேதிதான் சார் தெரியும்.” உடம்பில் என்ன செய்வார்கள், என்ன ஆபத்து வரலாம் என்று தெரியுமா? தெரியும் என்றாள். டாக்டரம்மா விளக்கியதை ஒன்று விடாமல், ஒன்று சேர்க்காமல் திருப்பிச் சொன்னாள். ஆபத்து உண்டு என்பதையும் சொன்னாள். என் வயிறு அப்போது பேசியது. மாத்திரையும் நின்றுவிட்டது, அதற்கு யார் பொறுப்பு.

அப்புறம் ஒரு வயதான அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். நீங்களும் உங்கள் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பிறகு ஏன் கொடுக்கிறீர்கள்?

மாரிக்கனி அவசரப்படவில்லை. வாயில் போட்டு மெல்லுகிற மாதிரி யோசித்தாள்.

“எனக்குச் சண்டை இன்னும் தீரலம்மா. அவங்க போயிட்டா அத நான் யார்கூடப் போட?”

தலைவர் பேனாவை எடுத்தார், வைத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக நான் நாளுக்கு ஆயிரம் வார்த்தை பேசியிருக்கிறேன். அத்தனையையும் கூட்டிப் பிழிந்தால் இந்த ஒரு வரி வராது.

சாயங்காலமே அனுமதி வந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறார்கள். மாலையில் நர்ஸ் புஷ்பத்தைச் சக்கர நாற்காலியில் இந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். புஷ்பம் கேட்டு வந்திருக்கிறாள்.

நான் வழக்கம் போல நடுவில் போய் நின்றேன். புஷ்பம் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருப்பவளைப் பார்த்தாள்.

“இட்லி நீங்க ஊத்துனதுன்னு முத நாளே தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சா உப்பு கம்மின்னு சொல்லி விட்டிருக்கலாம்ல?” இது மாரிக்கனி.

“உப்பு சரியாத்தான் இருந்துச்சு.” புஷ்பம் மூச்சு வாங்கினாள். “உங்க ஈரல் வந்தா உங்க அழுத்தமும் எனக்கு வந்துரும் போலிருக்கே மதினி.”

“வரட்டும். வாய் கொஞ்சம் குறையும்.”

நர்ஸுக்கு இவர்கள் சண்டை போடுகிறார்களா என்று சந்தேகம். என்னைப் பார்த்தாள். ஆமாம், சண்டைதான், விடுங்கள் என்று சைகை காட்டினேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக டெலிபோனுக்கு வேலை இல்லை. வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டேன். மதுரையில் தூசி அதிகம்.

மார்ச் 10, செவ்வாய்

விடிந்ததும் கூட்டிப் போனார்கள். முதலில் மாரிக்கனி. உள்ளே போகும்போது, “கடலை ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன், கடற்கரைகிட்டச் சொல்லி வடிக்கச் சொல்லுங்க” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

பொழுது சாய்ந்த பிறகுதான் டாக்டரம்மா வந்தார். மாரிக்கனி கண் விழித்துவிட்டாள். கொடுத்த பாதி, வைத்ததுமே நிறம் மாறி ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டதாம். புஷ்பத்தை இன்னும் சில நாள் கவனமாகப் பார்க்க வேண்டும், ஆனால் நன்றாகப் போயிருக்கிறது என்றார். இவ்வளவு சுத்தமான கல்லீரலைச் சமீபத்தில் பார்க்கவில்லை என்றார். இது நான் சேர்த்தது இல்லை. அவரே சொன்னது.

கேன்டீனுக்கு இறங்கினேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். கேன்டீன்காரர் ராசபாளையத்துப் பக்கம். இந்த நாட்களில் என்னோடு நல்ல பழக்கம். அவல் இனித்த கதையைச் சொல்லியிருக்கிறேன், நம்பினார். மந்திரி வந்து இட்லி தின்றதைச் சொன்னேன், எந்த மந்திரி என்றுகூடக் கேட்காமல் நம்பினார். டீ போட்டுக்கொண்டே, யாருக்கு அண்ணாச்சி ஆபரேஷன் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரி என் தங்கச்சிக்குக் கல்லீரல் கொடுத்தாள் என்றேன். பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள் என்றேன். எனக்கே தெரியாமல் தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள், இரண்டு மாதம் என்னோடு சேர்ந்து பச்சையாகத் தின்றாள், ஒரு மாத்திரை தொடவில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் டீயை நீட்டிக்கொண்டே சிரித்தார். “கதை விடாதீங்க அண்ணாச்சி. எந்த ஊர்ல மதினி நாத்தனாருக்கு ஈரலைக் குடுப்பா?”

சத்தியம் செய்ய வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். டீயை வாங்கிக்கொண்டு, அவள் இருக்கிற மாடிக்குப் படியேறினேன்.